டிராக் ஓட 17 இஞ்சி றிம் வேணுமா? உப்புவெளித் தம்பிக்குப் பதில்

உப்புவெளியில இருந்து ஒரு தம்பி கேட்டு எழுதியிருக்கிறார். "அண்ணே, என்னட்ட ஹொண்டா சிவிக் ஈகே3 இருக்கு, மனுவல் கியர். கந்தளாய்க்கு வேலைக்குப் போய் வாறதும் அதிலதான். கட்டுக்குருந்தையில டிராக் மீற் (400 மீற்றர் நேரா ஓடுற கார்ப் போட்டி) வைக்கேக்க ஒருக்கா ஓடிப் பாக்க ஆசை. ரயர் கடையில 17 இஞ்சி றிம்மும் 205/40 ரயரும் போடச் சொல்லுறாங்க, அகலம் கூடினா ரோட்டைப் பிடிச்சுக்கொண்டு போகுமாம். கூட்டாளி ஒருத்தன் கொழும்பில ஸ்லிக் (பள்ளம் இல்லாத றேஸ் ரயர்) மாதிரி பழைய ரயர் மலிவா எடுத்துத் தாறன் எண்டுறான். கையில ரெண்டு லட்சம்தான். எதை வாங்கிறது?"

தம்பி, முதல்ல அந்த 17 இஞ்சியை மறந்துபோடுங்கோ. அது கோயில் திருவிழாவுக்கு ஊருக்குள்ள காட்டிக்கொண்டு போக வடிவு, 400 மீற்றர் ஓடுறதுக்கு உதவாது. ஏன் எண்டு சொல்லுறன். உங்கட காரில இப்ப 14 இஞ்சி றிம்மில 185/65 ரயர் (முதல் நம்பர் அகலம் மில்லிமீற்றரில, மற்றது பக்கச் சுவர் அந்த அகலத்தில எத்தினை வீதம் எண்டது) இருக்குதெண்டா அந்த ரயரின்ர பக்கச் சுவர் 120 மில்லிமீற்றர் உயரம், கடைக்காரர் சொல்லுற 205/40 ஆர்17 இல அது 82 தான், ஆனா ரெண்டிலயும் முழுச் சில்லின்ர உயரம் கிட்டத்தட்ட 596 மில்லிமீற்றர், ஒரே அளவு. அப்ப நீங்க காசு குடுத்து என்ன செய்யிறீங்க, றப்பரைக் கழட்டிப்போட்டு அந்த இடத்தில இரும்பையோ அலுமினியத்தையோ வைக்கிறீங்க. கியருக்கு ஒரு நன்மையும் இல்ல, பாரம் மட்டும் கூடுது, அதுவும் சில்லின்ர வெளி விளிம்பில கூடுது. சுத்துற சாமான்ல விளிம்பில இருக்கிற ஒரு கிலோ நடுவில இருக்கிற ஒரு கிலோ மாதிரி இல்ல, அதைச் சுழட்டி எடுக்க எஞ்சினுக்கு இன்னும் மூச்சு வேணும். ஜப்பான் பேப்பரில 130 குதிரை வலு போட்ட 1500 சீசீ எஞ்சின் அது, இவ்வளவு வருசம் ஓடினதுக்குப் பிறகு அந்த 130 ம் அப்பிடியே நிக்குதெண்டு நான் நம்பமாட்டன், இருக்கிறதை றிம் சுத்தவே செலவழிச்சா கார் எதில ஓடுறது.

அதோட பக்கச் சுவர் கட்டையா இருந்தா கிளச் விட்ட உடன வாற அடி நேர சில்லைச் சுத்துற சாஃப்டுக்கும் அதின்ர மூட்டான சீவி ஜொயின்றுக்கும் போகும். கொஞ்சம் மடிஞ்சு குடுக்கிற ரயர் அந்த அடியைத் தான் வாங்கிக்கொள்ளும், மடியாத ரயர் துள்ளும், டக டக டக எண்டு முன் பக்கம் குதிக்கும், அப்பிடிக் குதிச்சு சாஃப்ட் முறிஞ்ச ஈகே எத்தினையோ இருக்கு.

இப்ப உங்களுக்கு எது வேணும் எண்டதுக்கு வருவம். கார் பாய்ஞ்சு வெளிக்கிடேக்க பாரம் பின்னுக்குப் போகும், மூக்கு எழும்பும். உங்கட கார் முன் சில்லு இழுக்கிற கார், அதாவது இழுக்கவேண்டிய சில்லிலதான் அந்த நேரம் பாரம் குறைவு. அதால உங்கட ரெண்டு லட்சத்தில பெரும்பங்கு முன்னுக்குப் போற ரெண்டே ரெண்டு ரயருக்குத்தான். நாலு வேண்டாம். பின் ரயர் சும்மா உருண்டு வந்தாக் காணும்.

என்ர ஆலோசனை இதுதான்: இப்ப இருக்கிற 14 இஞ்சி செற்றை அப்பிடியே கந்தளாய் ஓட்டத்துக்கு வச்சுக்கொள்ளுங்கோ. தனிய ரெண்டு 15 இஞ்சி றிம், ஆறு இல்லாட்டி ஆறரை அகலம், பாரம் குறைஞ்சதா எடுங்கோ, அதில 195/50 ஆர்15 அளவில செமி ஸ்லிக் (பள்ளம் குறைஞ்ச, றப்பர் மெதுமையான ரயர்) ரெண்டு போடுங்கோ. 195/50 ஆர்15 க்கு முழு உயரம் 576 மில்லிமீற்றர் வரும், உங்கட இப்பத்தைய சில்லை விட 20 மில்லிமீற்றர் கட்டை, சின்னச் சில்லைச் சுத்த எஞ்சினுக்கு லேசு, அதால கியர் மூண்டு வீதத்துக்கு மேல இறுகின மாதிரி ஒரு நன்மை சும்மா கிடைக்கும், கார் வெளிக்கிடுறதில தெரியும். மீற்றுக்குப் போகேக்க அந்த ரெண்டையும் பின் சீற்றில படுக்கப்போட்டுக் கொண்டுபோய் அங்க வச்சு மாத்துங்கோ. திருகோணமலையில இருந்து கட்டுக்குருந்தைக்கு 300 கிலோமீற்றர் கிட்ட வரும், அவ்வளவு தூரத்தையும் செமி ஸ்லிக்கில ஓடினா பாதி றப்பரை ஹபரணை ரோட்டிலயே விட்டிட்டுத்தான் போய்ச் சேருவீங்க, வழியில மழை பிடிச்சா அதைவிட மோசம், பள்ளம் குறைஞ்ச ரயர் தண்ணிக்கு மேல மிதக்கும். ஐப்பசி கார்த்திகையில எங்கட பக்கத்து மழை எப்பிடியெண்டு உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்ல.

செமி ஸ்லிக் எண்டா டோயோ ஆர்888ஆர், யொக்கொஹாமா அட்வான் ஏ050 மாதிரி. அதுக்கு ஒரு படி கீழ, தினமும் ஓடக்கூடியதா அட்வான் ஏடி08ஆர் மாதிரி இருக்கு. ரயரின்ர பக்கத்தில ட்ரெட்வெயர் எண்டு ஒரு நம்பர் இருக்கும், சாதாரண ரோட்டு ரயரில 300, 400 எண்டு நிக்கும், ஆர்888ஆர் இல 100, ஏடி08ஆர் இல 180. நம்பர் குறையக் குறைய றப்பர் மெதுமை, பிடி கூட, ஆயுள் குறைவு. இவ்வளவு தெரிஞ்சாக் காணும். உண்மையான டிராக் ஸ்லிக் உங்கட வலுவுக்குத் தேவையில்ல, அதைப் பற்றி இப்ப கதைக்கவும் வேண்டாம்.

காசு குடுக்க முதல் இன்னுமொண்டு. ஓடப்போற மீற்றின்ர விதிப் பேப்பரை எடுத்து உங்கட கிளாஸுக்கு (போட்டிப் பிரிவுக்கு) என்ன ரயர் விடுறாங்கள் எண்டு பாருங்கோ, சில கிளாஸில ரோட்டு ரயர் மட்டும்தான். நான் இதுவரை கண்ட பேப்பர் எல்லாம் இங்கிலிசிலயும் சிங்களத்திலயும்தான், தமிழில ஒண்டைக் கண்டதில்ல, இங்க இருந்து ஆர்வமாப் போற பெடியள் அங்க போய் பரிசோதனையில நிண்டு "இந்த ரயர் ஏலாது" எண்டு கேட்டிட்டு ஓடாம திரும்பி வாறாங்கள், 300 கிலோமீற்றர் பெற்றோல், லீவு, எல்லாம் வீண். அரைப் பக்கம் தமிழில எழுதிப்போட என்ன செலவு வரும் எண்டு எனக்கு இண்டைக்கும் விளங்கேல்ல.

சரி, கூட்டாளி சொல்லுற அந்தப் "பழைய ஸ்லிக்". இதிலதான் எனக்குக் கோபம் வாறது. தம்பி, மொட்டை ரயர் ஸ்லிக் இல்ல. வடிவா விளங்கிக்கொள்ளுங்கோ. ஸ்லிக் பிடிக்கிறது பள்ளம் இல்லாததால இல்ல, றப்பரின்ர கலவை மெதுமையா ஒட்டுறதால. ரோட்டு ரயர் தேய்ஞ்சு மொட்டையானா அதில மிச்சம் இருக்கிறது வருசக்கணக்கா வெயிலிலயும் சூட்டிலயும் காய்ஞ்சு இறுகிப்போன அடி றப்பர், அது பிடிக்காது, வழுக்கும், சூடேறினா வெடிக்கும். பள்ளத்துக்குள்ள குறுக்கால ஒரு சின்ன மேடு இருக்கும், உயரம் 1.6 மில்லிமீற்றர், ரயரின்ர மேற்பரப்பு அந்த மேட்டோட சமனா வந்திட்டுதெண்டா அந்த ரயர் முடிஞ்சுது. அதை "ஸ்லிக் மாதிரி" எண்டு விக்கிறவனுக்கு மனச்சாட்சி இல்ல.

இதில புறோக்கர்மார் செய்யிற வேலை இருக்கே. ஜப்பானில கழிச்சுவிட்ட ரயரை எடுத்து, டீசல் பூசித் துடைச்சு, கறுப்பு பொலிஷ் அடிச்சா பக்கத்தில இருக்கிற வெடிப்பு ஒண்டும் கண்ணுக்குத் தெரியாது, புதுசு மாதிரி மினுங்கும். இன்னும் சிலர் தேய்ஞ்ச ரயருக்கு சூட்டுக் கத்தியால புதுப் பள்ளம் வெட்டிக் குடுக்கிறாங்கள், கார் ரயரில அப்பிடி வெட்டினா அடியில இருக்கிற கம்பிக்கு மேல காகிதம் அளவு றப்பர்தான் மிஞ்சும். டாக் அடிச்ச ரயரை, அதாவது தேய்ஞ்சதுக்கு மேல புது றப்பர் ஒட்டின ரயரை, லொறிக்குப் போடுங்கோ, பஸ்ஸுக்குப் போடுங்கோ, டிராக் ஓடுறதுக்கு நினைச்சும் பாக்காதேங்கோ. ஃபோன்ல படம் அனுப்பி "அண்ணே நாளைக்கு ஆள் வருது, இண்டைக்கே அட்வான்ஸ் போடுங்கோ" எண்டு அவசரப்படுத்தினா அந்த இடத்திலயே விட்டிடுங்கோ. கொழும்பில வாகனச் சாமான் விக்கிற பஞ்சிகாவத்தையில நேர நிண்டு பாத்து வாங்கிறவனையே ஏமாத்துறாங்கள், திருகோணமலையில இருந்து ஃபோன்ல வாங்கிற உங்களை விடுவாங்களா.

2020 இல இறக்குமதியை இறுக்கினாப்பிறகு இவங்களுக்கு நல்ல காலம் பிறந்தது. நல்ல ரயர் நேர் வழியில வாறது குறைய குறைய கழிவு ரயர்தான் சந்தையில நிண்டுது, விலையும் புதுசின்ர விலை. றப்பர் பால் எடுக்கிற நாடு இது, உலகம் முழுக்க ஃபோர்க்லிஃப்டுக்குப் போடுற சொலிட் ரயர் இங்க இருந்து கப்பல் கப்பலாப் போகுது, இங்க ஒரு பெடியன் தன்ர காருக்கு நல்ல ரயர் ரெண்டு வாங்க புறோக்கரின்ர காலில விழவேண்டிக் கிடக்கு. இதை எந்த அமைச்சிட்டப் போய்ச் சொல்லுறது.

பழைய ரயரே வாங்கக்கூடாதா எண்டு கேப்பீங்க. ஒரேயொரு விதத்தில வாங்கலாம், அதை விபரமாச் சொல்லுறன், ஏனெண்டா உங்கட காசுக்கு அதுதான் சரிவரக்கூடும். தானே றேஸ் ஓடுற ஒருத்தர், ஒரு சீசன் ஓடிட்டு, புது செற் வந்ததால பழைய செமி ஸ்லிக்கை விக்கிறார் எண்டா வாங்கலாம், புறோக்கர் இல்லாம, ஆளிட்ட நேர. அப்பவும் இதெல்லாம் பாக்கவேணும். ரயரின்ர பக்கத்தில டீஓடி எண்டு தொடங்கிற எழுத்துகளுக்குக் கடைசியில நாலு இலக்கம் இருக்கும், 2323 எண்டா 2023 ஆம் ஆண்டு 23 ஆவது கிழமை செய்தது. அந்த நாலு இலக்கம் கனக்க ரயரில ஒரு பக்கத்தில மட்டும்தான் இருக்கும், மற்றப் பக்கத்தைக் காட்டி "இதில திகதி அடிக்கேல்ல" எண்டு சொல்லுவாங்கள், திருப்பிப் போடச் சொல்லுங்கோ. மூண்டு வருசத்துக்கு மேல எண்டா செமி ஸ்லிக்கை விடுங்கோ, பள்ளம் எவ்வளவு இருந்தாலும் விடுங்கோ. ஒவ்வொரு தரமும் நல்லாச் சூடாகி ஆறேக்க றப்பர் கொஞ்சம் கொஞ்சமா இறுகும், பள்ளம் அப்பிடியே இருக்கும், பிடி போயிருக்கும், கண்ணால பாத்துச் சொல்ல ஏலாது. அதால பெருவிரல் நகத்தை ரயரின்ர நடுவில அமத்துங்கோ, காலையில, நிழலில வச்சு. நகம் கொஞ்சம் பதிஞ்சு, எடுத்தாப்பிறகு அந்தக் கோடு மெல்ல மறைஞ்சா றப்பருக்கு உயிர் இருக்கு. நகம் சறுக்கினா பிளாஸ்டிக் தான். வெயிலில வச்சு அமத்திப் பாத்தா எந்த ரயரும் மெதுமையாத்தான் இருக்கும், ஏமாறாதேங்கோ.

பிறகு உள்பக்கம். றிம்மில இல்லாத ரயர் எண்டா ஃபோன் லைற்றை அடிச்சு உள்ளுக்க சுத்திவர விரலால தடவிப் பாருங்கோ. விரலில கறுப்புத் தூள் ஒட்டினா, இல்லாட்டி பக்கச் சுவரில உள்ளால வட்டமா ஒரு தேய்ஞ்ச கோடு தெரிஞ்சா அது காத்து இறங்கின நிலையில ஓடின ரயர், உள்ள நூல் அறுந்திருக்கும், வெளியில ஒண்டும் தெரியாது, வேகத்தில போகேக்கதான் தெரியும். பக்கச் சுவருக்குக் கிட்ட ஒட்டு இருந்தாலும் வேண்டாம். இவ்வளவும் பாத்துச் சரியெண்டா, புது விலையில பாதிக்கு மேல குடுக்காம எடுங்கோ. இதில ஒண்டு பிழைச்சாலும் விட்டிட்டு, புதுசா ஒரு நல்ல ரோட்டு ரயர் 195/50 இல வாங்கிப் போட்டு ஓடுங்கோ, உங்கட முதல் ஓட்டத்துக்கு அது தாராளம்.

றிம்முக்கு வாறன். உங்கட காருக்கு நாலு நட், பீசீடி 100, நடு ஓட்டை 56.1 மில்லிமீற்றர். பீசீடி எண்டது நாலு நட்டின்ர நடுவையும் தொட்டுப் போற வட்டத்தின்ர அளவு. சந்தையில இருக்கிற அலோய்களில நடு ஓட்டை பெருசா இருக்கும், அதுக்கு ஒரு வளையம் போட்டு நிரப்பலாம், அது பிரச்சினை இல்ல. 98 பீசீடி றிம்மைக் கொண்டுவந்து "ரெண்டு மில்லிமீற்றர்தானே, இறுக்கினாச் சரி" எண்டு சொல்லுற கடையை விட்டு வெளியில வாங்கோ.

நட்டைக் கட்டாயம் பாக்கவேணும், அரைவாசிப் பேருக்கு இது தெரியாது. ஹொண்டாவோட வந்த நட்டின்ர அடி உருண்டையா இருக்கும், பந்து மாதிரி. வெளியில வாங்கிற அலோய்க்கு அடி கூம்பா இருக்கிற நட் வேணும். பழைய நட்டையே புது அலோய்க்குப் போட்டா, இறுக்கேக்க இறுகின மாதிரித்தான் இருக்கும், ஆனா தொடுறது ஒரு மெல்லிய வளையம் மட்டும்தான், நாலு தரம் கிளச் அடிச்சு வெளிக்கிட்டா இளகும், சில்லு கழண்டு போகும். றிம்மைக் கழட்டி நட் இருக்கிற குழியைப் பாருங்கோ, முழுவதும் சமனா மினுங்கினாச் சரி, நடுவில ஒரு கோடு மட்டும் மினுங்கினா நட் பிழை. நட் சைஸ் 12 மில்லிமீற்றர், புரி 1.5, கையால திருப்பேக்க எட்டு முழுச் சுத்தாவது போகவேணும். ஸ்பேசர் (சில்லு வெளியில தள்ளி நிக்க றிம்முக்குப் பின்னால வைக்கிற தட்டு) போட்டு அந்தச் சுத்தைக் குறைக்கிறவங்களுக்கு நான் ஒண்டும் சொல்லுறதில்ல, வேலையைச் செய்ய மாட்டன் எண்டு அனுப்பிடுறன்.

பேர்போன ஜப்பான் றிம்களின்ர கொப்பி கனக்க ஓடுது. ரேய்ஸ் டீஈ37 எண்டா உண்மையானது அடிச்சு உருவாக்கினது, கொப்பி வாத்தது, பாரத்திலயே தெரியும். தராசைக் கொண்டுபோங்கோ, வெக்கப்படாதேங்கோ, 15 இஞ்சியில ஐஞ்சு கிலோ அளவில நிண்டா நல்ல சாமான், எட்டுக் கிட்ட வந்தா உங்கட இரும்பு றிம்மே அதைவிடப் பரவாயில்ல. ஜேடபிள்யூஎல் எண்ட ஜப்பான் றிம் தர முத்திரையை நம்பி எடுக்காதேங்கோ, கொப்பிக்காரன் அதையும் சேத்துத்தான் வாக்கிறான். உள்பக்கம் புதுசா பெயின்ற் அடிச்சிருந்தா வெல்டிங் கோடு இருக்கோ எண்டு விரலால தடவுங்கோ. எங்கட உப்புக் காத்தில கிடந்த றிம்மெண்டா ரயர் உக்காருற விளிம்பில வெள்ளையாப் பூத்திருக்கும், கம்பித் தூரிகையால தேய்ச்சுத் துப்பரவாக்கிப்போட்டுத்தான் ரயரை ஏத்தச் சொல்லவேணும், இல்லாட்டி ஒவ்வொரு கிழமையும் காத்து இறங்கும்.

காத்துக்குச் சொந்தமா ஒரு கேஜ் வாங்குங்கோ, பெற்றோல் செட்டில இருக்கிறதை நம்ப ஏலாது. நைட்ரஜன் அடிக்கச் சொல்லிக் காசு கேட்டா வேண்டாம் எண்டுங்கோ. ஓடுற இடத்தில செமி ஸ்லிக்குக்கு முன்னால 24 பீஎஸ்ஐ இல தொடங்குங்கோ, ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ரெண்டு ரெண்டாக் குறைச்சு நேரத்தைப் பாருங்கோ, 20 க்குக் கீழ போகாதேங்கோ. ரோட்டு ரயர் எண்டா 26 இல நிப்பாட்டுங்கோ. பின்னுக்கு 38, லேசா உருளும். முன் ரயரில குறுக்கால சோக்கட்டியால ஒரு கோடு கீறிப்போட்டு கொஞ்சத் தூரம் ஓடிப் பாருங்கோ, நடு மட்டும் அழிஞ்சா காத்துக் கூட, ரெண்டு கரையும் அழிஞ்சு நடு நிண்டா காத்துக் குறைவு. உட்பக்கக் கரை மட்டும் அழிஞ்சா காரை அளவுக்கு மிஞ்சிப் பதிச்சிருக்கிறீங்க, அலைன்மென்ற் பாக்கவேணும்.

அங்க தொடக்கக் கோட்டுக்கு முன்னால தண்ணி ஊத்தியிருப்பாங்கள், பெரிய கார்கள் அதில சில்லைச் சுழட்டிப் புகை எழுப்பும், பாத்து ஆசைப்படாதேங்கோ. பள்ளம் இருக்கிற ரயருக்குள்ள தண்ணி நிண்டு தொடக்கக் கோட்டில வந்து சொட்டும், நீங்க சுத்திப் போய் காய்ஞ்ச இடத்தில ஒருக்கா சில்லைச் சுழட்டி மண்ணைத் தட்டிவிட்டாக் காணும். நேரச் சீட்டில முதல் 60 அடிக்கு எடுத்த நேரம் இருக்கும், அதை மட்டும் பாருங்கோ, அதில பத்தில ஒரு செக்கன் குறைஞ்சா கடைசியில அதைவிடக் கூடக் குறையும், உங்கட ரயரும் காத்தும் சரியோ எண்டதை அந்த ஒரு நம்பரே சொல்லும்.

பழகிப் பாக்கிறதுக்கு எண்டு நிலாவெளி ரோட்டிலயோ கந்தளாய் ரோட்டிலயோ இரவில இறங்கிடாதேங்கோ. அங்க கடல் மண் பறந்து கிடக்கும், இங்க மாடு படுத்திருக்கும், கந்தளாய் தாண்டினா யானை, பொது ரோட்டில றேஸ் ஓடுறது சட்டப்படி குற்றம், இன்சூரன்ஸும் ஒரு சதம் தராது. எங்க போய்ப் பழகிறது எண்டு கேட்டா என்னட்ட நல்ல பதில் இல்ல, அதுதான் கவலை. கட்டுக்குருந்தையிலயும் அது ஒரு விமான ஓடுபாதைதான். எங்கட சீனக்குடாவிலயும் ஓடுபாதை கிடக்கு. வருசத்தில ஒரு ஞாயிற்றுக்கிழமை, அம்புலன்சோட, பொலிசோட, வடக்கு கிழக்குப் பெடியளுக்கு அதைத் திறந்துவிட்டா ரோட்டில சாகிற பெடியள் குறைவாங்கள். கேட்டா கடிதம் எழுதச் சொல்லுவாங்கள், கடிதம் எழுதினா வேற கந்தோருக்கு அனுப்புவாங்கள்.

ஓடி முடிச்சு வெளிக்கிட முதல் செமி ஸ்லிக்கைக் கழட்டி 14 இஞ்சியை மாத்துங்கோ, அதுக்குரிய பழைய உருண்டை நட்டையே போடுங்கோ, ரெண்டு நட் செற்றையும் வேற வேற பையில பேர் எழுதி வச்சா அந்தக் களைப்பில மாறுப்படாது. டோர்க் றெஞ்சால 108 நியூட்டன் மீற்றருக்கு இறுக்கி, முன்னுக்கும் பின்னுக்கும் காத்தை கதவில ஒட்டியிருக்கிற அளவுக்குக் கொண்டுவந்து, ஒரு 50 கிலோமீற்றர் வந்தாப்பிறகு கரையில நிப்பாட்டி நட்டை இன்னொருக்காப் பாருங்கோ. ரயர் ஏதும் கிடைச்சா காசு குடுக்க முதல் டீஓடி இலக்கத்தையும் உள்பக்கத்தையும் படம் எடுத்து அனுப்புங்கோ, பாத்துச் சொல்லுறன்.